பத்து விரலுக்கும் தொப்பி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடையாறில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சி.டி. ஸ்கேன் எடுப்பது என் தொழில். வருகிறவர்களுக்கு முந்தின நாளே ஒரு தாள் கொடுத்து அனுப்புவோம். நான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும், நகை போட்டுக்கொண்டு வரக் கூடாது, பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்து வர வேண்டும். நல்ல தமிழில், பெரிய எழுத்தில் இருக்கும். இருந்தாலும் தினமும் ஒருவராவது வந்து, "ரெண்டே ரெண்டு இட்லிதாம்மா சாப்ட்டேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தாள் எதுக்குக் கொடுத்தோம், இட்லிக்கு அடியில போட்டுக்கவா?" என்று கேட்டுவிடுவேன்.

வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தபோதும் இதே கறார்தான். ஏஜென்ட் எவரிடமும் போகவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டின் விதிகளையும் நானே படித்தேன். கனடா என்றால் மதிப்பெண் கணக்கு. வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலப் பரீட்சை எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு வரிசையில் நிறுத்துவார்கள்; கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் மார்க் குறையும். அந்த வருஷம் என் பிறந்த நாளுக்கு கேக் வாங்கி வந்த கணவரிடம், "இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன். ஆஸ்திரேலியா என்றால், நீ நிஜமாகவே இந்த வேலைதான் பார்க்கிறாயா என்று முதலில் அங்கே ஓர் அமைப்பு சோதித்துச் சான்று தர வேண்டும். ஜெர்மனிக்கு வேலை தேடுவதற்கென்றே ஒரு வருஷம் போகலாம், ஆனால் என் தொழிலில் ஜெர்மன் பேசத் தெரியாமல் ஒரு நோயாளியைத் தொட விடமாட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை நம்மைத் தேர்ந்தெடுத்து, இவர் எங்களுக்கு வேண்டும் என்று கடிதம் கொடுத்தால்தான் விசா. அந்த வேலையை விட்டால் சீக்கிரமே இன்னொரு மருத்துவமனையைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதையெல்லாம் கேன்டீனில் டீயோடு வருகிற நர்ஸுகளுக்கும் பிசியோதெரபிக்காரர்களுக்கும் விளக்குவேன். என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். வடபழனிக்காரர், வார்த்தைக்கு வார்த்தை நக்கல். மயிலாப்பூர் சபாவில் சாயங்காலம் நடப்பதைப் போல இதற்கு 'விசா உபன்யாசம்' என்று பெயர் வைத்தார். "இன்னா மேடம், இன்னிக்கு எந்த நாட்டுக் கதை?" என்றுதான் வீட்டுக்குள் நுழைவார். கேன்டீனில் உபன்யாசம் கேட்டவர்களில் மூன்று பேர் எனக்கு முன்னாலேயே விமானம் ஏறிவிட்டார்கள்.

கடைசியில் எனக்கும் இங்கிலாந்தில் இருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு சிக்கல். என் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தோம், அதற்காக வேலையில் சேரும் தேதியை ஒரு தடவை தள்ளிக் கேட்டேன். சரி என்று தள்ளிக் கொடுத்தார்கள். கூடவே, இன்னொரு தடவை தள்ள முடியாது, வரிசையில் அடுத்தவரை அழைத்துவிடுவோம் என்று மிக மரியாதையாக எழுதினார்கள். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு கல்யாணம். செவ்வாய் விசா மையத்தில் கைரேகை. அதிலிருந்து மூன்று வாரத்தில் விசா. ஒரு வாரம் கையில் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா மருதாணி இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் போட்டு அரைத்து வைத்திருந்தாள். கடையில் விற்கிற மெஹந்திக் கூம்பையெல்லாம் அவள் மருதாணியாகவே மதிக்க மாட்டாள். பூ, கொடி, மயில் ஒன்றும் வரையத் தெரியாது. உள்ளங்கையில் வட்டமாக ஒரு நிலா, பத்து விரல் நுனிக்கும் முழுசாக ஒரு தொப்பி, அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணுக்கு வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கையக் குடுடி."

"எனக்கெதுக்கும்மா? கல்யாணம் எனக்கா?"

"அடுத்த தடவ என்னிக்கு வைப்பேனோ. குடு."

கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவே ஊட்டிவிட்டாள். காலையில் கழுவினால் கை செக்கச்செவேல் என்று பற்றியிருந்தது. மண்டபத்தில் எல்லாரும் மணப்பெண்ணை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விசா மையத்தில் கண்ணாடிப் பலகைமேல் நான்கு விரலை வைத்தேன். திரையில் சிவப்புக் கோடு வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. கவுன்டரில் இருந்த பெண் எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"மேடம், மருதாணியா?"

"ஆமா. வீட்ல கல்யாணம்."

"விரல் நுனியில மருதாணி, காயம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு மெயில்ல ஒரு தாள் அனுப்பியிருந்தோமே. படிக்கலையா?"

நான்கு நாட்டு விதிகளை வரி வரியாகப் படித்தவள் நான். அப்பாயின்ட்மென்ட் மெயிலோடு வந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறக்கவே இல்லை. "பத்து விரல்தாம்மா" என்று ஏதோ உளறினேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே ரெண்டு இட்லி மாதிரி கேட்டது. அவமானத்தில் காது சுட்டது. அவள் திட்டவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்து, "அடுத்த செவ்வாய் ஒரு இடம் இருக்கு, போட்டுத் தரேன். அதுக்குள்ள கலையலைன்னா அப்புறம் மூணு வாரம் கழிச்சுதான்" என்றாள். மூன்று வாரம் தள்ளினால் அந்த வேலை எனக்கு இல்லை. இரண்டு வருஷ உழைப்பு மருதாணியோடு போச்சு.

வெளியே ஸ்கூட்டரோடு நின்ற கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தார். "ஊருக்கே உபன்யாசம் பண்ண கையா இது" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "வுடு, ஒரு வாரம் கீது. தேய்ச்சா போவாதா இன்னா?"

தேய்த்தேன். எலுமிச்சம்பழம், உப்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய். எங்கள் குடியிருப்பில் விஷயம் பரவி, மேல் வீட்டு மாமி தேய்க்க அரிசி மாவு கொண்டுவந்தார். எதிர் வீட்டுக்காரர் பைக் துடைக்கிற திரவம் ஒன்றை நீட்டினார். அதை மட்டும் மறுத்துவிட்டேன். வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கணவரின் வேலை. அந்த வாரம் அதை என் தலையில் கட்டிவிட்டு, ஒரே டீக்கு நாலு டம்ளர் எடுத்தார். அம்மா தினம் இரண்டு தடவை போன் செய்தாள். "கலைஞ்சுதா?" என்பாள். "நீ அரைச்சதாச்சே, கலையுமா?" என்று வெடுக்கென்று சொல்லுவேன். "வச்சிடறேன்" என்று போனை வைத்துவிடுவாள். அப்புறம் எனக்கே வருத்தமாக இருக்கும்.

கல்யாணத்துக்காகப் போட்ட விடுப்பு இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. புதன்கிழமை அதை ரத்து செய்துவிட்டு வேலைக்கே போய்விட்டேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் பின்னாலும் கை கழுவ வேண்டும், நடுவில் கிருமிநாசினி வேறு. ஒரு ஷிஃப்டுக்கு அறுபது, எழுபது தடவை. சாதாரண நாளில் தோல் உரிகிறதே என்று இதைத் திட்டிக்கொண்டே செய்வேன். அந்த வாரம் மற்றவர்கள் ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். மேசையில் படுக்க வைத்த பிறகு, மெல்லிய குரலில், "இட்லி சாப்ட்டுட்டேன்மா" என்றார். என் வாயை அறிந்த நர்ஸ் பின்னால் ஓர் அடி நகர்ந்து நின்றாள். நான் அவரிடம் எத்தனை இட்லி என்றுகூடக் கேட்கவில்லை. "பரவால்லைங்க, மதியம் எடுத்துடலாம். வெளிய ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்றேன். நர்ஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் தொப்பி பத்தும் வெளிறி, மஞ்சள் தேய்த்த மாதிரி ஆகியிருந்தது. நகத்தில் மட்டும் அப்படியே சிவப்பு. அதே பெண்தான் கவுன்டரில் இருந்தாள். "அசையாம வைங்க மேடம்" என்றாள். நான் தினம் முப்பது பேரிடம் சொல்லுகிற வார்த்தை. மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வலது கை நான்கும் பச்சை. இடது கை நான்கும் பச்சை. கட்டை விரல் இரண்டில் இடது மட்டும் சிவப்பு காட்டியது. அவள் ஈரத்துணியால் என் விரலைத் துடைத்து, மேலே தன் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். பச்சை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

மூன்றாவது வாரம் விசா வந்தது. கணவர் பள்ளி வருஷம் முடிந்த பிறகு வருவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் சமையல்கட்டுத் தரையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மருதாணி வாசனை வாசலுக்கே வந்தது. என்னைப் பார்த்ததும், தப்பு செய்தவள்போல கிண்ணத்தை நகர்த்தினாள்.

"வைக்கலாமா வேணாமா, ஒன் தாள்ல என்ன போட்டிருக்கு?"

"அங்க இறங்கினதும் ரேகையைச் சரி பார்ப்பாங்களாம். ரெண்டு தடவ படிச்சிட்டேன். விரல் நுனி வேணாம்மா. உள்ளங்கையில வை."

எதிரே உட்கார்ந்து கையை நீட்டினேன். நிலாவை வைக்க ஆரம்பித்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"அந்த வாரம் தினமும் கோயிலுக்குப் போனேன்டி. கலையணும்னுதான் வேண்டிக்கிட்டேன். ஒரே ஒரு நாள் மட்டும், கலையலைன்னாதான் என்னன்னு தோணிச்சு. சாமிகிட்ட சொல்லல. தோணிச்சு, அவ்ளோதான்."

"எனக்கும் ஒரு நாள் தோணிச்சும்மா" என்றேன். பொய் இல்லை.

கிண்ணத்தில் இருந்து எடுக்கும்போது ஒரு துளி நழுவி என் ஆள்காட்டி விரல் நுனியில் விழுந்தது. அம்மா பதறிப்போய்ப் புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அதைத் துடைத்தாள். கறை இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக, பத்தையும் துடைத்துவிட்டாள்.