சேஃப்டி வால்வுக்கு யார் சொன்ன பத்து?

1

அப்போது நான் சிதம்பரத்தில் பதினோரு பேர் கொண்ட ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சீனியர் புரோகிராமர். கடலூர்ப் பக்கத்து ரசாயன ஆலை ஒன்றுக்காகப் படம் வரையும் எடிட்டர் செய்துகொண்டிருந்தோம். ஆலையில் இருக்கும் வெசல், குழாய், வால்வு எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டு வரையலாம். ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் மாடலில், அதாவது விவரங்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில், ஒரு பதிவு இருக்கும். ரசாயனத்தை அழுத்தத்தில் வைக்கும் கலன்தான் வெசல். அதற்கு ஒரு இன்லெட், ஒரு அவுட்லெட், அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும் ஒரு சேஃப்டி வால்வு கட்டாயம் என்பது மாடலின் விதி. வெசலைப் போட்ட உடனே இந்த மூன்று துணை உறுப்பும் தானாக உருவாக வேண்டும்; சைல்டு என்போம். அந்த வேலை என்னுடையது.

முதல் முறை நானே சொதப்பினேன். வெசல் உருவாகும்போதெல்லாம் ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே சைல்டுகளை உருவாக்கும் புரோகிராம் வரிகளை எழுதிவிட்டேன். வரைந்தபோது சரியாக இருந்தது. சேவ் செய்து திறந்தால் ஒரே வெசலில் இரண்டு சேஃப்டி வால்வு. மறுபடி சேவ் செய்து திறந்தால் மூன்று. ஃபைலைப் படிக்கும்போதும் அதே கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

மேனேஜர் சந்திரசேகர் என் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னா கலா, தொறக்கத் தொறக்க குட்டி போடுது? இந்த ஆட்டோ சமாச்சாரத்தையே தூக்கிடு. யூசரே போட்டுக்கட்டும்."

"தூக்க மாட்டேன் சார். யூசரு ஒருநாள் சேஃப்டி வால்வ போட மறந்துடுவாரு. அதுக்குத்தான இது? நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் குடுங்க."

அந்த வரிகளை அங்கிருந்து எடுத்து, வெசலைத் திரையில் போடும் கமாண்டுக்குள் வைத்தேன். வெசலும் சைல்டுகளும் சேர்ந்தே வந்தன, அன்டூ செய்தால் சேர்ந்தே போயின. ஃபைலைத் திறக்கும்போது அந்த கமாண்ட் ஓடாது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன்.

2

அடுத்த சண்டை பெரியது. சேஃப்டி வால்வு எத்தனை பார் அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். காலியாக இருந்தால் அந்த வால்வு சிவப்பாகத் தெரியும். டெமோவுக்கு இரண்டு நாள் முன்பு சந்திரசேகர் கூப்பிட்டார்.

"ஸ்கிரீன் பூரா செவப்பா இருக்குது. கிளையன்ட் பயந்துடுவான். டீஃபால்ட்டா பத்துன்னு போட்டுடு, பச்சையாயிடும்."

"பத்துன்னு யாரு சார் சொன்னாங்க?"

"யாராச்சும் சொல்லணுமா? ஒரு நம்பர் வேணும், அவ்ளோதான்."

"அப்படின்னா நான் எழுத மாட்டேன். வேற யாரையாச்சும் எழுதச் சொல்லுங்க."

அவரே உட்கார்ந்து எழுதினார். ஒரு வரிதான்.

ஆலையின் டவுன் ஆபீஸ் கடலூர் செம்மண்டலத்தில் இருந்தது. லேப்டாப்பை இயக்க ஆள் வேண்டுமென்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும், "அங்க வந்து வாயத் தொறக்காத" என்றார்.

ஆலையின் பராமரிப்பு சூப்பர்வைசர் பிரான்சிஸ் எதிரே உட்கார்ந்தார். அவர் சொன்ன வெசலை நான் இழுத்துப் போட்டேன். மூன்று சைல்டும் வந்தன. எல்லாம் பச்சை.

"பரவால்லியே, நல்லா இருக்குது. இப்படியே பிரின்ட் எடுத்து சைட்டுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

அந்த பிரின்ட்டைப் பார்த்து ஒருவர் வால்வைப் பொருத்துவார். பக்கத்தில் சந்திரசேகர் சிரித்த முகத்தோடு இருந்தார்.

"சார், அந்த சேஃப்டி வால்வுல பத்துன்னு இருக்குது பாருங்க" என்றேன். "அது உங்க ஆளுங்க குடுத்த நம்பர் இல்ல. நாங்களா போட்டது."

பிரான்சிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"ஏம்மா, இந்த வெசலு ஆறுக்கு மேல தாங்காதே! பத்துல தொறந்தா அதுக்குள்ள வெசலே போயிடும். யாரு போட்டது இத?"

முந்தைய வெர்ஷனும் என் லேப்டாப்பில் இருந்தது. திறந்து காட்டினேன். சைல்டுகள் தானாக வந்தன. வால்வு மட்டும் சிவப்பாக நின்றது.

"இதான் வேணும்" என்றார் பிரான்சிஸ். "செவப்பா இருந்தாத்தான் எங்காளு வந்து என்னைக் கேப்பான்."

3

ஆலைக்காரர்கள் எடிட்டரை எடுத்துக்கொண்டார்கள், சிவப்போடு. அந்த வருடம் டீம் லீடர் பதவி எனக்கு ஜூனியராக இருந்தவருக்குப் போனது. சந்திரசேகரிடம் காரணம் கேட்டேன். "உனக்குச் சொன்னாக் கேக்குற பழக்கமில்ல" என்றார். "ஆமா சார், இல்ல" என்று சொல்லிவிட்டு என் சீட்டுக்கு வந்தேன். அன்று அழுகை வந்தது உண்மை. வாய் திறந்ததற்காக வருத்தம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இருந்தே ஆக வேண்டியதை எடிட்டர் தானாக உருவாக்கட்டும். விஷயம் தெரிந்த மனிதர் மட்டுமே சொல்லக்கூடியதை அது உருவாக்கக் கூடாது. உருவாக்கச் சொல்லி யார் மிரட்டினாலும் எழுதாதீர்கள். பதவி போனாலும் போகட்டும். எங்கோ ஒரு வெசலுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்.