ஹயிம் என்கிற பிள்ளையும் ஒரு முறம் தவிடும்

மெல்பனில் ஒருவரிடம் உங்கள் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி அதன் அர்த்தம் என்ன என்பதுதான். அரியலூரில் வருவாய்த் துறையில் காலம் தள்ளி, தாசில்தாராக ஓய்வு பெற்ற என்னிடம் அங்கே ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? என் பெயர் பிச்சை. மனுவோடு வந்தவர்கள் அறை வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அதோடு சரி. இங்கே நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அம்மணி கேட்கிறார். மருந்துக் கடைக்காரர் கேட்கிறார். பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை வைத்துவிட்டுக் கேட்கிறார். ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். எல்லோரும் முகம் வாடி மன்னிப்புக் கேட்டார்கள். இப்போதெல்லாம் சாமி பெயர் என்று சொல்லிவிடுகிறேன். அர்த்தம் கேட்டு மகிழ்ந்தவர் என் சம்பந்தி ஒருவர்தான். அவர் யூதர். பிச்சை என்று பெயர் வைக்கிறார்கள் என்றால் அது வாரி வழங்கிய வம்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று தாமாக முடிவு செய்து, தம்முடைய ஜெப ஆலயத்தில் என்னை அப்படியே அறிமுகமும் செய்துவைத்தார். நான் திருத்தவில்லை. என் பெயருக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் அவர். அவரிடம் போய் ஆட்சேபணை மனு போடுவானேன்?

உண்மை வேறு. எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் என்னைத் தவிட்டுக்கு விற்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்து, 'இது எங்கள் பிள்ளை இல்லை' என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அதே பிள்ளையைத் தாய் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பின் அது யாரோ பெற்றது, இந்த வீட்டில் வளர்கிறது, அவ்வளவுதான். பெயரும் எவருக்கும் பொறாமை வராததாக இருக்க வேண்டும்: பிச்சை, குப்பன், தவிடன். எமன் வந்து பார்த்தால் 'இந்த வீட்டுப் பிள்ளை இங்கே இல்லை' என்று திரும்பிப் போய்விடுவான் என்பது கணக்கு. பெயர் மாற்றம் கேட்டு என்னிடம் வந்தவர்களுக்கு அரசிதழில் வெளியிடுவது வரை எல்லா வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. நன்றாக வேலை செய்யும் ஒன்றை யாராவது மாற்றுவார்களா?

என் மகன் இளங்கோ இங்கே ரூத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மனைவி போன பிறகு நானும் இங்கே வந்துவிட்டேன். பேரன் பிறந்ததும், எங்கள் வழக்கப்படி தாத்தா பெயர்தான் என்று சும்மா இருந்தேன். இளங்கோ தயங்கித் தயங்கி வந்து சொன்னான்: "அப்பா, அவங்க வூட்டுல உயிரோட இருக்கறவங்க பேர வைக்க மாட்டாங்க. உங்க பேர வச்சா, உங்கள சீக்கிரம் கெளம்பச் சொல்ற மாதிரி." என் கோரிக்கையை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ரூத்தின் காலஞ்சென்ற தாத்தா பெயரான ஆப்ரகாமை எட்டாம் நாள் சடங்கில் வைத்தார்கள்.

சில வாரங்களில் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மருத்துவர்கள் பேசும் தொனியிலேயே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அப்போதுதான் சம்பந்தி ஜெப ஆலயத்தில் பத்து ஆண்களைக் கூட்டினார். பத்துப் பேர் சேராவிட்டால் அந்தப் பிரார்த்தனை செல்லாது. எங்கள் ஊராட்சிக் கூட்டத்துக்கு இருப்பதைப் போலவே கோரம் என்னும் குறைந்தபட்ச ஆள் வரம்பு உண்டு. நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன், என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் வேதத்துச் சங்கீதப் பாடல்களைப் படித்துவிட்டு, குழந்தையின் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். ஹயிம். எபிரேயத்தில் வாழ்வு, உயிர். ஆதித்தாய் ஏவாளின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதானாம். அவர்கள் வேதத்தில் ஹயிம் என்ற பெயரில் ஒரு மனிதனும் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அது மனிதர்களுக்கு வைக்கும் பெயராகியிருக்கிறது. அந்தச் சொல் எப்போதும் பன்மையில்தான் வரும் என்றார் சம்பந்தி. ஒருவனுக்கு ஒரு வாழ்வு போதாது என்பதாலோ என்னவோ.

நோயாளிக்கு ஏன் பெயர் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் அதைப் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்கு விளக்குவதுபோல விளக்கினார். மேலே தீர்ப்பு ஒரு பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. மரண தூதன் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு வருகிறான். பெயர் வேறாக இருந்தால் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. பெயர் மாறினால் விதி மாறும் என்பது அவர்களுடைய பழைய அறிஞர்களின் கருத்து. ஆப்ரகாமுக்கே கடவுள் பெயரை மாற்றித்தான் வம்சம் கொடுத்தாராம். எனக்கு மெய்யாகவே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 'மேற்படி நபர் இந்த முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்த நோட்டீசுகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் திருமானூரிலும் சரி, ஜெருசலேமிலும் சரி, மரணத்தை யாரும் அரசனாக நினைக்கவில்லை. விலாசம் சரியாக இருந்தால் மட்டும் வேலையை முடிக்கும் ஒரு கீழ்நிலை ஊழியனாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

குழந்தை பிழைத்தது. அன்று முதல் அவன் ஹயிம். ஆப்ரகாம் என்று அவனைத் தனியாக ஒருவரும் கூப்பிடுவதில்லை. ரூத் விஞ்ஞானம் படித்தவள், கடவுள் உண்டா என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் மருத்துவமனைச் சிப்பந்தி ஒருமுறை பழைய சீட்டைப் பார்த்து 'ஆப்ரகாம்' என்று உரக்க அழைத்தபோது, அவள் பதில் சொல்லாமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இளங்கோவின் கதை பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் கோயிலுக்காகவும் செருப்பைக் கழற்றாதவன், அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கழிப்பறையிலிருந்து திருமானூர் பக்கம் இருக்கும் என் தம்பி சின்னத்துரைக்குப் போன் செய்திருக்கிறான். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சின்னத்துரை வேலையைப் போட்டுவிட்டுப் போய் எங்கள் குலதெய்வம் அய்யனாரிடம், பிள்ளை பிழைத்தால் கொண்டுவந்து தவிட்டுக்கு விற்பதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், இருக்கும் ஊர், ஆஸ்பத்திரி எல்லாம் தெளிவாகச் சொல்லித்தான் வேண்டியிருக்கிறான். பெயர், ஆப்ரகாம். அதாவது, ஒரு பக்கத்தார் பத்துப் பேரைக் கூட்டிப் பிள்ளையை ஒளித்து வைத்த அதே வாரத்தில், இன்னொரு பக்கத்தார் முழு விலாசத்தோடு மனு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு துறைகள் ஒன்றையொன்று கலந்து பேசாமல் வேலை செய்வதை நான் அலுவலகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மூன்றாம் வயதில் முதல் முடி இறக்குவது எங்களுக்கும் உண்டு, யூதர்களிலும் உண்டு. ஆகவே இந்த ஆண்டு ஊருக்குப் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெரம்பலூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். வரும் வழியில் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காரிலிருந்தே பார்த்து ரூத் படம் எடுத்தாள். மறுநாள் அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். டீக்கடையில் நிறுத்தியபோது ஓர் அம்மா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பெயர் கேட்டார். ஹயிம் என்றதும், "அயிமா? எந்த சாதியிலங்க வைக்கிற பேரு அது?" என்றார். உயிர் என்று அர்த்தம் என்றேன். "நல்ல பேருதான். உசிரு, சாப்ட்டியா?" என்று அவனையே கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் முதன்முதலாக ஒரு பெயருக்கு நான் அர்த்தம் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

தவிட்டு விஷயத்தை இளங்கோ ரூத்திடம் முன்கூட்டியே சொல்லியிருந்தான், பாதி. சிலையைக் கும்பிட மாட்டேன், வெளியே நிற்கிறேன் என்று அவள் சொன்னாள். அதில் சிக்கலே இல்லை. எங்கள் அய்யனாருக்கு உள்ளே, வெளியே என்று பிரிக்கச் சுவர் கிடையாது. முடி இறக்கி முடிந்தது. சிக்கல் பூசாரியிடமிருந்து வந்தது. எந்தப் பெயரில் வேண்டினார்களோ அந்தப் பெயரை மூன்று தடவை சாமி காதில் விழக் கூவித்தான் வேண்டுதலை முடிக்க வேண்டும் என்றார்.

"ஆப்ரகாமுன்னு சொல்லித்தானே சின்னத்துரை வேண்டுனாரு. இப்ப அயிமுன்னா சாமி யார்னு எடுத்துக்கும்? நீங்களே சொல்லுங்கய்யா."

இளங்கோ அதை மொழிபெயர்த்தான். ரூத்தின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெயரை இங்கே யாரும் கூவக் கூடாது, கூவினால் இப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். நம்பிக்கை இல்லை என்றாயே என்று அவன் கேட்டான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அவனைப் பணயம் வைக்க மாட்டேன் என்றாள். வேண்டியதை முடிக்காமல் போனால் நானும் தூங்க மாட்டேன் என்றான் இளங்கோ. பதினாறு வருஷம் ஆங்கிலப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவன். பூசாரி என்னைப் பார்த்தார், சின்னத்துரை என்னைப் பார்த்தான். எந்த இடத்திலும் கடைசியில் கோப்பு என் மேசைக்குத்தான் வரும்.

ஒரே ஆளின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க நம் ஆவணங்களில் ஒரு சொல் இருக்கிறது. "மேற்படின்னு போடுங்க" என்றேன். "பேரு சாமிகிட்ட ஏற்கனவே பதிவாயிருக்கு. மேற்படி புள்ளைன்னு சொன்னா அவருக்குத் தெரியாதா?"

பூசாரி சற்று யோசித்தார். "அதுவும் சரிதான். பத்திரத்துலயே அப்படித்தானே போடுறாங்க." அய்யனார் பக்கம் திரும்பி, "மேற்படி புள்ளைக்காக, மேற்படி புள்ளைக்காக, மேற்படி புள்ளைக்காக" என்று கூவினார். ரூத்துக்கு விளக்கினேன். அவளுக்கு மூச்சு வந்தது. தவிடு நிறைந்த முறத்தை வாங்கிக்கொண்டு, வாங்குபவளாகத் தன் இடத்தில் போய் நின்றாள்.

இளங்கோ பிள்ளையைச் சின்னத்துரை கையில் கொடுத்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் சித்தப்பாவின்... இல்லை, சின்னத் தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பூசாரி தலையசைத்ததும் இளங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பேர் கேட்கச் சொன்னான்:

"இது எங்க புள்ள இல்ல."

நான் விற்கப்பட்டபோது கைக்குழந்தை. இவனுக்கு மூன்று வயது. பகலெல்லாம் என்னோடு இருந்தவன், வீட்டில் ரூத்துக்குத் தெரியாத தமிழ் இவனுக்குத் தெரியும். அதை எங்களில் ஒருவரும், நடைமுறையெல்லாம் தெரிந்த நானும், நினைத்துப் பார்க்கவில்லை. அவன் மீசையை விட்டான். தகப்பனைப் பார்த்தான். அழவில்லை.

"நான் உங்க புள்ளதான்ப்பா" என்றான், தவறைத் திருத்துகிறவன்போல.

விற்கப்படும் பொருளே ஆட்சேபணை தெரிவித்தால் என்ன செய்வது என்பதற்கு விதி கிடையாது. இளங்கோ தரையில் உட்கார்ந்துவிட்டான். ரூத்துக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, கணவன் முகம் மட்டும் புரிந்தது. முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். தவிடு கை மாறவே இல்லை.

மெல்பன் திரும்பிய பிறகு சின்னத்துரை வாரம் ஒருமுறை வீடியோவில் வருகிறான். முன்பெல்லாம், "பேரன் நல்லா இருக்கானாண்ணே?" என்பான். இப்போது, "எம்புள்ள சாப்ட்டானா?" என்கிறான். வேடிக்கையாகத்தான் சொல்கிறான். ஆனால் நடைமுறைப்படி அவன் சொல்வது சரி. விற்றாயிற்று, திரும்ப வாங்கவில்லை. அந்தத் தவிடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மாட்டுக்கு வச்சுட்டேன்ணே" என்றான்.

மறைப்பது சரியில்லை என்று தோன்றி, ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்ன சொன்னான் என்பதையும், கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதையும். மறுபடி ஒருமுறை போய் ஒரு முறம் தவிடு கொடுத்தால் முடிந்துவிடும், தபாலில்கூட ஏற்பாடு செய்யலாம் என்றேன். அவள் ஹயிமின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இங்கே தேடி வந்தால், இவன் எங்கள் பிள்ளை இல்லை. அங்கே தேடிப் போனால், இவன் அந்த ஊரில் இல்லை. அப்படியே இருக்கட்டும்."

பக்கத்து அறையில் போனைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு, குளிருக்குக் கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளை தன் பொம்மை லாரிகளை ஒவ்வொன்றாகத் திரைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் வெயில். சின்னத்துரையின் பசு ஒன்று அசைபோட்டபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.