செல்லையா அண்ணாச்சி வீட்டுச் சேறு

செல்லையா அண்ணாச்சி காலையில் போய்விட்டார் என்று போன் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "சர்வேயர் வந்துட்டாரா?" சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எப்படிப் போனார், எப்போது எடுக்கிறார்கள் என்றெல்லாம் பிறகுதான் கேட்டேன்.

"இன்னும் வரலே தம்பி" என்றார் மதினி, அண்ணாச்சியின் சம்சாரம். அழுகைக்கு நடுவிலும் அதற்குப் பதில் ரெடியாக இருந்தது.

சாலை பஜாரில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் அண்ணாச்சியைத் தெரியும். வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். பழைய ஸ்கூட்டர், முன்னால் தொப்பை, வாய் நிறைய விஷம்.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால் நோட்டீஸ் எல்லாம் காட்ட மாட்டார்.

"ஒண்ணு மருமகன் மாதிரி வே. விருந்துன்னா வருவான், வீடு இடிஞ்சா போனை எடுக்க மாட்டான். இன்னொண்ணு நாத்தனா. கூப்பிட்ட உடனே வருவா, ஆனா குத்தம் கண்டுபிடிக்கத்தான் வருவா. மூணாவது பக்கத்து வீட்டுக் கிழவி. மெள்ள மெள்ளத்தான் வரும்... ஆனா ஏதாவது குடுத்துட்டுப் போகும்."

தன் வீட்டுக்கு அவர் எடுத்தது கிழவி. எனக்கு விற்றது நாத்தனார். அதில்தான் கமிஷன் கூடுதல்.

சில வருஷத்துக்கு முன் ஒரு மழையில் எங்கள் வீட்டுக்குள் ஓடைத் தண்ணீர் ஏறியது. என் சம்சாரம் இட்லி மாவு அரைத்து விற்கிற பின்கட்டு முழுகிப்போனது. கிரைண்டர் மோட்டார் புகைந்துவிட்டது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் நாளைக்கு வருகிறார் என்றதும் அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "வெளி ஆளு வர்ற வீடு இப்படியா கிடக்கும்?" நானும் சேர்ந்து கழுவினேன். சேறு போய், தரை மின்னி, கிரைண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து...

சர்வேயர் வந்தார். டீ குடித்தார். இரண்டு பழம்பொரி சாப்பிட்டார். "நல்ல விருத்தியுள்ள வீடு" என்று சுத்தத்தைப் பாராட்டினார். இவ்வளவு சுத்தமான வீட்டில் வெள்ளச் சேதம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஏழாம் கிளாஸ் படித்தவனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருவது? சொல்ல வேண்டிய ஏஜென்ட் அன்றைக்கு ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். அவள் மாவு வியாபாரம் அத்தோடு நின்றது. இப்போது எங்கள் வீட்டிலேயே பாக்கெட் மாவுதான்.

அண்ணாச்சி வருத்தப்பட்டாரா? சிரித்தார். புது ஆள் பாலிசி எடுக்க வந்தால் என் பாத்திரக்கடைக்குக் கூட்டிவந்து கையை நீட்டிக் காட்டுவார். "பாத்துக்கிடும், இவருதான். வெள்ளத்தைக் கழுவி ஊத்திட்டு வெள்ளத்துக்குத் துட்டு கேட்ட மனுசன்."

நானும் விடவில்லை. "உம்ம வீட்ல ஏறட்டும் வே, பாக்கேன்" என்பேன்.

"ஏறட்டுமே. துடைப்பத்தைத் தொடுறவ கையை ஒடிச்சிருவேன்."

போன வாரம் ஏறிவிட்டது.

பின்சுவர் பிளந்து, பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்... சொன்னபடியே யாரையும் கழுவ விடவில்லை. சேற்றுக்கு நடுவில் கட்டிலைப் போட்டு, கால் தூக்கி உட்கார்ந்து காவல் இருந்தார். நான் தினமும் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, கிழவி கிளம்பிட்டாளா?" என்பேன்.

நேற்றும் கேட்டேன். "நான் போறதுக்குள்ள வந்துருவா வே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தக் கட்டிலிலேயே போய்விட்டார்.

ஐஸ் பெட்டியைச் செங்கல் மேல் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சாயங்காலம் எடுத்தார்கள். ஆண்கள் எல்லாம் கூடவே போனார்கள். நான் போகவில்லை. மதினி என்னை வாசலில் நிறுத்திவிட்டார். "தம்பி, ஒருத்தரையும் வாளியோட உள்ள விடாதீங்க."

எங்களில் எடுத்த கையோடு வீட்டைக் கழுவி விளக்கேற்ற வேண்டும். பெண்கள் வாளியும் துடைப்பமுமாக வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் என் சம்சாரம்.

"தள்ளுங்க. பொணம் போன வீடு."

"கழுவாதட்டி. சர்வேயர் வரணும்."

"அன்னைக்கு என் கூட நின்னு நீங்களும்தானே கழுவுனீங்க? இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இந்தப் புத்தி?"

நான் நகரவில்லை. க்ளெய்ம் வரவில்லையென்றால் மதினி மகள் வீட்டில்தான் போய் ஒண்ட வேண்டும். அந்த மருமகனைப் பற்றி அண்ணாச்சியே மேலே சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து மதினி குரல் வந்தது. "விளக்கு பிறகு ஏத்திக்கிடலாம். அவரு காத்துக் கிடந்த சேறு. அப்படியே கிடக்கட்டும்."

விளக்கு வைக்கிற நேரம் தாண்டி ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கழுத்தில் ஐ.டி. கார்டு. பந்தலைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். "செல்லையா சார் இல்லே?"

"இப்பத்தான் போனார் சாரே. வாங்க, எல்லாம் அப்படியே உண்டு."

போய்ட்டு வாரும் அண்ணாச்சி. உம்ம கிழவி வந்துட்டா.

சர்வேயருக்கு வழி காட்ட முன்னால் நடந்தபோது கூடத்தில் சறுக்கி, பிளந்த பின்சுவர் வரைக்கும் உட்கார்ந்தபடியே போனேன். நான் போன வழியில் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த இடத்தைச் சர்வேயர் சேதத்தில் சேர்க்கவில்லை.