நகராத தாழ்வும் வடக்கே ஊன்றிய கம்புகளும்

வாழைக்கு ஊன்று கொடுத்த அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், கம்பு சுமக்கச் சித்தப்பா இருந்தார். அண்ணன் இல்லை, துபாயில் கொத்தவேலை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் புவியியலில் பட்டம் வாங்கிய நானும் இருந்தேன். அண்ணனுக்குப் பதில் நான் துபாய்க்குப் போயிருக்கலாம்.

இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம், பாட்டத்துக்கு எடுத்த தோப்பு. இருநூற்று நாற்பது ஏத்தன் வாழை, எல்லாம் குலை தள்ளி நின்றன. வெட்ட இன்னும் ஒரு மாதம். மன்னார் வளைகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு வந்திருந்தது, காற்று வடக்கேயிருந்து. மரத்துக்கு ஒரு கம்புதான் உண்டு. எல்லாவற்றையும் தெற்குப் பக்கம் ஊன்றச் சொன்னார் அப்பா.

நான் தடுத்தேன். தாழ்வு நாளைக்கே மேற்கே கடந்துவிடும், கடந்ததும் காற்று தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும், ஆகவே பாதி மரங்களுக்கு வடக்கே ஊன்ற வேண்டும் என்றேன். மண்ணில் குச்சியால் படம்கூட வரைந்தேன்.

“இவன் சொல்லுகது உள்ளதா?” என்றார் சித்தப்பா.

“படிச்சவன்லா சொல்லுகான். மாத்தி ஊணு” என்றார் அப்பா.

மறுநாள் காற்று திரும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தாழ்வுக்குச் சொந்தக் கால் கிடையாது. சப்பரம் மாதிரிதான், தூக்குகிறவர்கள் நடந்தால் நகரும். தூக்குவது மேலே வீசும் காற்று. இருபுறமும் உயர் அழுத்தம் நின்று, ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் தள்ளினால், சப்பரம் முக்கிலேயே நின்றுவிடும். அந்த முக்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரே பக்கத்திலிருந்து ஓயாத மேளம். இதுவும் பாடத்தில் இருந்ததுதான். நான் சாய்ஸில் விட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தோம். வடக்கே ஊன்றியவற்றில் தொண்ணூற்றேழு தெற்கே சாய்ந்து கிடந்தன. கம்புகளுக்கு ஒரு சேதமும் இல்லை.

“காத்து எப்பம் மக்கா திரும்பும்?” என்றாள் அம்மா.

“தாழ்வு நகராம நிக்கும்மா.”

“நீ படிச்சி முடிச்சி ரெண்டு வருசமா வீட்டுல நிக்கிய. அது மூணு நாளு நிக்கப்பிடாதா?” என்றார் சித்தப்பா.

அப்பா ஒரு கம்பைப் பிடுங்கி, நிற்கிற மரத்தருகே கொண்டுவந்து என்னைப் பார்த்தார். “இப்பம் எந்தப் பக்கம் ஊணணும்லே?” கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தெற்கே கையைக் காட்டிவிட்டு வேறெங்கோ பார்த்தேன்.

விளைந்திருந்தால் குலைக்கு நானூறு கிடைத்திருக்கும். சிப்ஸ் போடுகிறவர் பிஞ்சுக் காயைக் குலை நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நஷ்டம் இருபத்தொன்பதாயிரத்து நூறு ரூபாய். என் மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம்கூட அவ்வளவு ஆகவில்லை.