வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாள்

என் பெயர் மரியபுஷ்பம். சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் பூந்தோட்டம் வைத்துப் பிழைப்பவள். கோயிலில் என்னோடு முழந்தாளிட்டு ஜெபிக்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம். விபூதிப் புதனுக்கு மறுநாள்தான் என் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருடைய இடப்பக்க வயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய மனுஷர், கட்டிலில் எழுந்து உட்கார என் தோளைப் பிடித்தார்.

வாரங்கள் போயின. கட்டில் வாடகை, ஊசி, ஏற்றுகிற ரத்தம் என்று எல்லாவற்றுக்கும் பணம். என் நகை போயிற்று, பசு போயிற்று. இனி மிச்சம் தோட்டமும் கிணறும்தான். அதையும் கிரயம் பேசி முடித்துவிட்டோம். திங்கட்கிழமை பத்திரம் எழுத வேண்டும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு. பூசைக்குப் போகக்கூட முடியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழந்தாளிட்டேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பு இல்லை. "சேசுவே, இவரை என் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக விடும்" என்று மட்டும் கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இனிமே இவரு இங்க படுத்திருக்க வேண்டியதில்லம்மா. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. மாத்திரைய வீட்டுலயே குடுக்கலாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து சோதனைக்கு ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போனாப் போதும்."

ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியுமே.

"காசு கட்ட வக்கில்லன்னுதான வெரட்டுறீக? வீட்டுல போயிச் சாகட்டும்னுதான?" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. என்னை பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டிலு நோயைத் தீர்க்காதும்மா. இவருக்கு வேண்டியது இந்த மாத்திரைதான். அதை இங்க முழுங்குனாலும் உங்க வீட்டுல முழுங்குனாலும் ஒண்ணுதான். நோயை அடியோட போக்க என்கிட்ட மருந்து இல்ல. ஆனா இத வச்சு அடக்கி வைக்கலாம்" என்றார்.

ஊருக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்டதைத்தானே சேசு கொடுத்திருக்கிறார்! அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றா நான் சண்டை போட்டேன்? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அன்றைக்குப் பத்திரம் எழுதவில்லை. பிறகும் எழுதவில்லை.

வீட்டில் நாத்தனார் அன்னம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கும் என்னைப் போலத்தான் தோன்றியிருக்கிறது. "எக்கா, நான் இன்னும் போகல. செத்த நேரம் சும்மா இரு" என்றார் இவர்.

ஒரு மாதத்தில் வயிற்று வீக்கம் வற்றியது. மறு மாதம் வாய்க்கால் வரை நடந்தார். ஆனால் அதற்கடுத்த தடவை ரத்தம் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "மாத்திரை ஒழுங்கா சாப்புடுறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது இவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு நாளைக்கி ரெண்டுக்கு ஒண்ணுதான் முழுங்குனேன் புள்ள. இன்னொண்ணப் பொட்டியில வச்சிருக்கேன். செலவு பாதியாக் கொறையுமேன்னு பார்த்தேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்க மிச்சம் பிடிச்சது காசை இல்ல, எங்க உசுர!" என்றேன். அன்று முதல் நானே மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லுவேன். டாக்டரம்மா நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினோம். திரும்பக் கொடுக்கச் சொன்னபோது கொடுத்தோம். நாங்களாக எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நாலு வருஷம் இருந்தார். தன் கையால் மல்லிகைக்குக் கவாத்து வெட்டினார். ஈஸ்டர் பூசைக்கு நாலு தடவையும் என்னோடு நடந்தே வந்தார். பிறகு நோய் மாத்திரைக்கு அடங்கவில்லை. எங்கள் வீட்டில், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையாகிய நன்மை வாங்கி, என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று அன்னம்மாள் கேட்டார். "இம்புட்டு ஜெபம் பண்ணியே, சாமி கேக்கலையே?"

"கேட்டாரு மதினி. நாலு வருஷம் தெனமும் கேட்டாரு" என்றேன்.

முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும் கேட்பேன். இப்போது, அவர் கொடுப்பதை அடையாளம் காணவும் கண் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது வீட்டில் நோயாளி இருந்தால், மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். நான் நம்பியவரை நீங்களும் நம்பிப் பாருங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.