கரண்ட் போன பிறகு வாசித்தவர்

முதல் கச்சேரியில் கரண்ட் போன பிறகும் நிறுத்தாமல் வயலின் வாசித்தவர், பலரும் நம்புவதுபோல் எங்கள் குழுவின் கிற்றார்காரர் அல்லர். வாசித்தவரே இன்று காலை அக்கரைப்பற்று பஸ்ஸில் என்னிடம் உறுதிப்படுத்தினார்.

மின்கிற்றார்களோடு பத்து வயலின்களைச் சேர்த்துப் பரிசோதித்த எங்கள் கல்முனை ரொக் குழுவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“நான்தான், நானா,” என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். “ஆனா என்ட பேரப் போட்டுராதீங்க. மகளுக்கு மாப்பிள பேசுறம். அவங்க பாட்டு, கச்சேரி விரும்பாத ஆக்கள்.”

“அப்ப கிற்றார்காரர்ட பேரையே போடவா?”

சீட்டை விட்டு எழும்பிவிட்டார். “அல்லாஹ்வே! அவனுக்கு வில்லப் புடிக்கவும் தெரியா!”

நிந்தவூரில் இறங்கும்வரை அவர் உட்காரவில்லை.

கட்டுரை சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமைதான் பதில் சொல்வார்களாம். வயலின்காரர்கள் பத்துப் பேர், ஆகவே ஆளை ஊகிக்க வேண்டாம். பெயர் வரவேண்டிய இடத்தில் என்ன எழுதலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.