கடைசிக் காம்பராவின் பசு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

கொரோனா பரவிய காலத்தில், எங்கள் தோட்டம் முடக்கப்பட்டிருந்த பதினான்கு நாட்களுக்குள் நடந்த ஒன்றை எழுதத் துணிகிறேன். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில், பத்துக் காம்பராக்கள், அதாவது ஒற்றையறை வீடுகள், ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் பழைய லயத்தில் நானும் என் மனைவியும் வசித்து வருகிறோம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டியதில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். நடந்ததில் பிழை இல்லை.

லயத்தின் கடைசிக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணியும் அவருடைய கணவரும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பசு உண்டு. லயத்துக்குக் கீழே, ஓடையோரத்தில், தகரம் போட்ட பட்டியில் அது நிற்கும். அந்தப் பசு கன்று ஈன்றது. கன்று போட்டால் முதல் சீம்பாலைக் காய்ச்சி, சீனி போட்டு, லயத்தில் ஒரு வீடு விடாமல் கொடுப்பது எங்கள் வழக்கம். அவரும் வாசல் வாசலாக வந்து கொடுத்தார். எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் அவர்கள் இருவருக்கும் தொற்று என்று செய்தி வந்தது. அப்போது அந்த லயத்தில் தொண்டையைத் தொட்டுப் பார்க்காதவர் எவரும் இல்லை.

அவர்களைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. ஏறும்முன் அந்தப் பெண்மணி எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"கன்னு போட்டு மூனு நாளுதாங்க ஆகுது. மாட்ட யாராச்சும் பாத்துக்கங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வண்டி வளைவில் மறைவதற்குள் லயத்தின் கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டுவிட்டன. எவரும் லயத்தை விட்டு இறங்கக்கூடாது என்று சுகாதார அதிகாரிகள் கட்டளையிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து பசு கத்தியது. மடி கட்டிக்கொண்ட பசுவின் கத்தல் எப்படி இருக்கும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். சில வீடுகளில் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். மத்தியானம்வரை பொறுத்திருந்த என் மனைவி, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு எறங்கலீங்க. நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நான் போனேன். இளமையில் பால் கறந்து பழகிய கைதான். ஆனால் அந்தப் பசு என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. அது உதைத்த உதையில் வாளி உருண்டு ஓடைக்கே போய்விட்டது; எடுத்து வந்தேன். பட்டியின் தூணில் அந்தப் பெண்மணியின் படங்கு தொங்கியது. கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணி அது. அதைக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் கிடந்த அவருடைய தலைத்துணியையும் போட்டுக்கொண்டேன். பசு என்னை முகர்ந்து பார்த்தது. இருந்தும் நம்பவில்லை. அவர் அதை எப்போதும் திட்டிக்கொண்டேதான் கறப்பார் என்பது நினைவுக்கு வரவே, "நில்லுடி கழுத, காலத் தூக்குன, ஒடிச்சிருவேன்" என்று மெல்லிய குரலில் சொன்னேன். அது நின்றது. பெண்பாலாரை நான் அவ்வாறு பேசியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கன்றுக்கு விட்டது போக மிஞ்சிய பாலை அன்று வாங்க ஆளில்லை. தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு மேலே ஏறினேன். லயத்தின் வாசலில் என்னை எதிர்கொண்டவர் எங்களுக்கு அடுத்த காம்பராக்காரரான ஒரு பெண். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர்தான். என்னை 'மாமா' என்று அழைக்கும் உரிமை உள்ளவர்.

"அங்கயே நில்லுங்க மாமா! வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? அந்தப் பட்டியில எதைத் தொட்டீங்களோ, எதை மேல பூசிக்கிட்டு வர்றீங்களோ! நாங்கல்லாம் சாகணுமா?"

இதற்கு மேல் அவர் சொன்னவற்றை எழுத வேண்டியதில்லை.

அன்று மாலையே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வரிசையில் இருந்த எங்கள் வாளி கடைசிக்கு நகர்த்தப்பட்டிருந்தது. மறுநாள் நான் இறங்கும்போது ஓர் இளைஞர், "தாத்தா கசிப்பு குடிக்கத்தான்டா ஓடைக்கு எறங்குறாரு" என்று என் காதில் விழும்படி சொல்லிச் சிரித்தார். நான் குடியை விட்டு இருபது வருடங்கள் கடந்திருந்தன. அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் மனைவி வாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள், பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் சுகாதாரப் பரிசோதகர் வந்து, தினமும் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். முகக்கவசம் அணிந்து, ஒருவர் மட்டும் போய், நேராகத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அடுத்த காம்பராக்காரர்தான் தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்பினேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அவரை மனதுக்குள் நிறையத் திட்டினேன், ஐயா. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆறாம் நாள் அடைமழை. புல் கட்டோடு வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, தவழாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் பாயை விட்டு எழ முடியவில்லை. பசுவின் கத்தலை எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். பொழுது சாயும்வரை சத்தமே இல்லை.

"மாடு கத்தலீங்களே" என்றார் என் மனைவி. அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. செத்துப்போயிருக்கும் என்று இருவருமே நினைத்தோம்.

அடுத்த காலை தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினேன். பட்டிக்குள் படங்கு கட்டிய ஓர் உருவம் பசுவின் கீழே குந்தியிருந்தது. "ஒழுங்கா நில்லுடி கழுத! ஒனக்கு ஆம்பள கையிதான் கேக்குதோ?" என்ற குரல் கேட்டது. கடைசிக் காம்பராப் பெண்மணி திரும்பி வந்துவிட்டார் என்று என் நெஞ்சு குளிர்ந்தது. அந்த உருவம் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கத்தவர்!

"என்ன மாமா அப்புடி பாக்குறீங்க? நீங்க பொம்பள வேசம் போடலாம், பொம்பள நான் போடக்கூடாதா?"

கன்று வயிறு நிறைந்து படுத்திருந்தது. தொட்டியில் இளம் புல் நிரம்பியிருந்தது.

"நீங்க அறுத்துப் போட்டதெல்லாம் முத்தல் புல்லு. அத எந்த மாடு திங்கும்?" என்று சொல்லிக்கொண்டே கறந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"நான்தான் மாமா பி.எச்.ஐ.க்கு போன் போட்டேன். மாட்டுக்கிட்ட இருந்து தொத்துமான்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு வியாதி, ஒங்களுக்குத் தெரியும்ல? இது வந்தா அவரு தாங்க மாட்டாரு மாமா. அந்தப் பயத்துலதான் வாயிக்கு வந்தத பேசிப்புட்டேன். முந்தாநாளு ராவு முழுக்க நீங்க மொனகுனீங்க. ஒத்தச் சுவரு. நான் எங்கிட்டுத் தூங்குறது?"

அவர் கணவர் இரவில் மூச்சுக்குத் திணறுவதை அதே சுவர் வழியாக நான் எத்தனையோ வருடங்களாகக் கேட்டு வந்தவன். அத்தனை நாட்களில் ஒரு முறைகூட அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மீதி நாட்களில் காலையில் அவரும் மாலையில் நானுமாகப் பார்த்துக்கொண்டோம். என்னைக் கேலி செய்த இளைஞர் பட்டிப் பாதையின் பாதியில் புல் கட்டைப் போட்டுவிட்டு, எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் ஓடிவிடுவார்.

தம்பதியர் நலமாகத் திரும்பினார்கள். அந்தப் பெண்மணி வீட்டுக்குள் கால் வைக்காமல் நேராகப் பட்டிக்கு இறங்கினார். கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு மேலே பார்த்து, "யாருங்க இத இப்புடிக் கொழுக்க வச்சது?" என்று கேட்டார். நான் அடுத்த காம்பராக்காரரைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

வண்டிக்கு முன்னால் வாய் மூடி நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதை இன்றும் மறக்கவில்லை. யாராவது என்னைக் கண்டு கதவைச் சாத்தினால், உள்ளே யார் மூச்சுக்குத் திணறுகிறார்களோ என்றுதான் இப்போதெல்லாம் முதலில் நினைக்கிறேன்.

இதனைப் பிரசுரிக்க இயலாவிட்டாலும், கிழித்துப் போடாமல் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.